புது எண்ணெயும் பழைய சத்தமும்

சீல் உடைக்காத இஞ்சின் எண்ணெய் டின்னைத் திறக்கும்போது ஒரு வாசனை வரும். மண்ணெண்ணெயின் நெடியும் இல்லாமல், நல்லெண்ணெயின் மணமும் இல்லாமல், மழையில் நனைந்த ஜன்னல் கம்பியை முகர்ந்தது போல மூக்கின் நுனியில் லேசாக நின்றுவிட்டுப் போகும். அதை நான் முதன்முதலில் முகர்ந்தபோது எனக்குப் பத்து வயது. இருக்கக் கூடாத இடத்தில், இருக்கக் கூடாத நேரத்தில் நின்றுகொண்டு முகர்ந்தேன். அந்த ஒரு காரணத்துக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் ஒரு மனிதருக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்பா அரியலூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். உடையார்பாளையம் பக்கத்து நிலத் தகராறுகளும் குன்னம் பக்கத்துப் பருத்திக் காட்டு வரப்புச் சண்டைகளும் அவரிடம்தான் வரும். கோர்ட்டில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த குணம் வீட்டிலும் அவரை விட்டதில்லை. பால்காரர் செம்பை நீட்டினால் அப்பா பாலைப் பார்க்க மாட்டார், பால்காரரின் முகத்தைப் பார்ப்பார். தபாலில் வந்த கடிதத்தைப் பிரிப்பதற்கு முன் ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்து, யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார். "தலைவலிக்குதுப்பா" என்றால், எப்போதிலிருந்து, எந்தப் பக்கம், அப்போது கூட இருந்தது யார் என்று மூன்று கேள்விகள் வரும். அம்மா இதற்கு "விசாரணை" என்று பேர் வைத்திருந்தாள்.

கட்சிக்காரர்களைச் சாட்சிக் கூண்டுக்குத் தயார் செய்யும்போது அப்பா ஆபீஸ் அறையிலிருந்து சொல்வது அடுப்படி வரைக்கும் கேட்கும். "கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாதே." அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகியிருந்தது.

எங்களிடம் ஒரு பழைய கறுப்பு மோட்டார் இருந்தது. திருச்சியில் ஒருவரிடமிருந்து கைமாறி வந்தது. அதை ஓட்டியவர் வரதராஜன்பேட்டையைச் சேர்ந்த சவரிமுத்து. நாற்பது வயதிருக்கும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் மாதா படம் தைத்த உத்தரியம் தொங்கும், அதிகம் பேச மாட்டார். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது முன்பக்கத்திலிருந்து "டிக்கு டிக்கு டிக்கு" என்று ஒரு சத்தம் வரும், பக்கத்து அறையில் யாரோ தையல் மிஷின் மிதிப்பது போல. அது அப்பாவுக்குப் பொறுக்காது. சவரிமுத்து ஒரு முறை சொன்னார்: "அது வால்வு சத்தங்கய்யா. அடியில இடைவெளி கூடிப்போயிருக்கு. மெல்லிசுத் தகடு ஒண்ணு வச்சு அளந்து சரிபண்ணணும். திருச்சிக்குப் போனா வாங்கியாந்துடுவேன்." அவருக்குத் திருச்சியில் வேறு ஏதோ சொந்த வேலை இருக்கிறது, அதற்குத்தான் இந்தத் தகடு என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பெரம்பலூரிலிருந்து ஒரு வழக்குக்காக வந்திருந்த யாரோ ஒருவர், இஞ்சினுக்குப் புது எண்ணெய் ஊற்றிவிட்டால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு வழுவழுப்பாகப் போகும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். யார் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்கும் அப்பா, ஏனோ இதை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிட்டார். பெட்ரோலுக்கே கூப்பன் வைத்திருந்த நாட்கள். நல்ல எண்ணெய் கண்ணில் படாது. ஒரு கட்சிக்காரர் எங்கெங்கோ அலைந்து திருச்சியிலிருந்து ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா அதை மூன்று நாள் தன் மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் காலால் தட்டிப் பார்ப்பார்.

"புது ஆயில் ஊத்துனா வண்டி நல்லா ஓடுமா சவரிமுத்து?" என்று கேட்டார்.

"ஓடுங்கய்யா" என்றார் சவரிமுத்து. அந்த ஒரு வார்த்தை பிற்பாடு அவருக்கு எதிராக எடுத்து வைக்கப்படும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எண்ணெய் மாற்றும்போது தானே பக்கத்தில் நிற்பதாகத்தான் அப்பா இருந்தார். அன்றைக்கென்று கோர்ட்டிலிருந்து சீக்கிரமே ஆள் வந்துவிட்டது. மறுநாள் விடியற்காலையில் வெளியூர் போக வேண்டியிருந்ததால் தள்ளிப் போடவும் முடியாது. சாயந்திரத்துக்குள் முடித்து வைக்கச் சொல்லிவிட்டுக் குதிரை வண்டியில் கிளம்பிப் போனார்.

எனக்கு அந்த நேரத்தில் பாட்டு க்ளாஸ். வாத்தியார் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கிளம்பினவள் நேரே போகாமல், கொல்லைப் பக்கமாகச் சுற்றிவந்து, மோட்டார் நிற்கும் கீற்றுக் கொட்டகைக்குள் நுழைந்து, பின்னால் அடுக்கியிருந்த விறகுக்கு மறுபுறம் உட்கார்ந்துகொண்டேன். பெண்பிள்ளைக்குக் கொட்டகையில் என்ன வேலை என்று அப்பா இரண்டு முறை கண்டித்திருந்தார். அதனாலேயே போகத் தோன்றியது.

சவரிமுத்து வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். அடியில் படுத்து, எண்ணெய் இறங்கும் வாயை அடைத்திருந்த மறையைக் கழற்றினார். தார் போலக் கறுப்பாக எண்ணெய் இறங்கிச் சட்டியில் நிரம்பியது. கடைசிச் சொட்டு நிற்கும் வரைக்கும் பொறுமையாகக் காத்திருந்து, மறையைத் திருகிவிட்டு எழுந்து, புது டின்னின் மூடியைத் திறந்தார். கூரையில் ஒரு ஓட்டை வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் புது எண்ணெய் புனலுக்குள் நூல் பிடித்தாற்போல விழுந்ததை நான் பார்த்தேன். கொல்லிமலைத் தேனின் நிறம். ஒரு டின் முழுவதும் இறங்கியது. டின்னைக் கவிழ்த்து உதறியும் விட்டார். பிறகு அவர் கை கழுவக் கிணற்றடிக்குப் போன நேரத்தில், ஓடிப்போய் டின்னின் விளிம்பை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு, யோசிக்காமல் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

சட்டியில் கிடந்த பழைய எண்ணெயை என்ன செய்வது என்று அவர் வாசலில் நின்று அம்மாவைக் கேட்டதும், "உங்க மாட்டு வண்டி அச்சுக்கு ஆகும்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்று அம்மா சொன்னதும் எனக்குக் கேட்டது. வேறு பாத்திரம் இல்லாததால் அவர் அதைப் புது டின்னிலேயே ஊற்றி மூடினார்.

சாயந்திரம் கீழப்பழுவூர் ரோட்டில் சோதனை ஓட்டம். பின் இருக்கையில் அப்பா, பக்கத்தில் நான். பாட்டு கற்றுக்கொள்கிறவள், காது சுத்தமாக இருக்கும் என்பதால் என்னை அழைத்துப் போனார். நாலு மைல் போனதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

டிக்கு டிக்கு டிக்கு.

"நீ சொல்லு" என்றார் என்னிடம். "நேத்துக் கேட்ட சத்தத்துக்கும் இப்பக் கேக்குற சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கா?"

"இல்லப்பா."

"கொஞ்சங்கூட?"

"இல்லப்பா. அதே சத்தம்தான்."

உண்மையைத்தான் சொன்னேன். சவரிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. பின்னாலிருந்து அவர் கழுத்தும் அந்தக் கறுப்புக் கயிறும் மட்டும் தெரிந்தன. "வால்வு சத்தம் ஆயிலுக்குப் போவாதுங்கய்யா" என்றார். "புது ஆயில் இஞ்சின் தேயாம இருக்கறதுக்கு. நம்ம காதுக்கு ஒண்ணும் தெரியாது."

"நல்லா ஓடும்னு நீதானே சொன்னே?"

"நல்லா ஓடும்தாங்கய்யா. சத்தம் போவும்னு சொல்லலியே."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சவரிமுத்துவுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எனக்கும் இன்று தெரிகிறது. அப்பாவின் காதுக்கு அது பேச்சை மாற்றும் சாட்சியின் வார்த்தையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். வழி முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் மனதுக்குள் கேள்விகளை அடுக்குகிறார் என்று அர்த்தம்.

ஒரு வாரம் கழித்து அப்பா தானே கொட்டகைக்குப் போய், எண்ணெய் அளவு பார்க்கும் "குச்சி"யை உருவிப் பார்த்தார். கறுப்பு. ஊற்றி எட்டு நாள் ஆகாத புது எண்ணெய் எப்படிக் கறுக்கும்? அதே நாளில் அவருடைய குமாஸ்தா பஞ்சநதம், தான் போன வாரம் கடைத்தெருவில் சவரிமுத்துவைப் பார்த்ததாகவும், கையில் அந்தத் திருச்சி டின் இருந்ததாகவும், அது கனமாக இருந்ததால்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார் என்றும் சொன்னார். பஸ்காரர்கள் ஒரு டின் எண்ணெய்க்கு என்ன வேண்டுமானாலும் செய்யக்கூடிய காலம். அப்பாவுக்கு எல்லாம் பொருந்திவிட்டது: புது எண்ணெய் விலை போய்விட்டது, வண்டிக்குள் இருப்பது பழையதுதான்.

அம்மா நடுவில் வந்து சொன்னாள். "பழைய எண்ணெயை நான்தாங்க எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னேன்."

"டின்னுக்குள்ள இருந்தது பழசா புதுசான்னு நீ பார்த்தியா?"

"பார்க்கல."

"அப்ப உனக்குத் தெரியாது."

"புதுசா எண்ணெய் வாங்கி ஊத்தினாலும் தோசைக்கல்லு சத்தம் போடத்தான் செய்யும். அதுக்காக எண்ணெய்க் கடைக்காரனைத் திருடன்னு சொல்லுவீங்களா?" என்றாள் அம்மா. அப்பா ஆபீஸ் அறைக்குப் போய் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாவாடையில் அந்தக் கறை இன்னும் இருந்தது. கிணற்றடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அம்மா கேட்டபோது விளக்கெண்ணெய் என்று சொல்லியிருந்தேன். ஒரு வார்த்தை, "நான் பார்த்தேன்பா" என்று உள்ளே போய்ச் சொன்னால் போதும். அப்புறம் கேள்விகள் வரும். நீ ஏன் அங்கே போனாய், பாட்டு க்ளாஸ் என்ன ஆயிற்று, வாத்தியாரிடம் என்ன பொய் சொன்னாய், அம்மாவிடம் என்ன பொய் சொன்னாய். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லக் கூடாது என்பது அப்பா சொல்லிக்கொடுத்ததுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு நின்றேன்.

"ஏலாக்குறிச்சிக்குப் போவோம்" என்றார் அப்பா. "மாதா முன்னால நின்னு, அந்த எண்ணெயை வண்டியிலதான் ஊத்தினேன்னு கையடிச்சுச் சத்தியம் பண்ணு. நான் விட்டுடறேன்."

சவரிமுத்துவின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

"என் புள்ளைக்கி வைசூரி வந்தப்ப அங்க போய் முட்டி போட்டேங்கய்யா. ஒரு டின் எண்ணெய்க்காக அவங்க முன்னால போய் நிக்க மாட்டேன்."

"பயமா?"

"பயமில்லீங்க. வெக்கம்."

சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேஜையின் ஓரத்தில், சத்தம் வராமல் வைத்தார். வாசலில் அம்மாவிடம் "வரேம்மா" என்றார். என்னைக் கடந்து போகும்போது ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார். சத்தியம் செய்ய மறுத்ததையே அப்பா ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார்.

அதன்பின் இரண்டு டிரைவர்கள் வந்தார்கள், இரண்டு பேரும் போனார்கள். கடைசியில் அப்பாவே ஓட்டக் கற்றுக்கொண்டார். அம்மா மட்டும் அந்த வண்டியில் ஏறுவதை விட்டுவிட்டாள். கோவிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போக வேண்டுமென்றால் குதிரை வண்டிதான். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்விகள் சொற்பம். அது அவற்றில் ஒன்று.

யுத்தம் முடிந்து, எண்ணெய் மறுபடியும் கடைகளில் தட்டுப்பட ஆரம்பித்தது. எனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு ஆளை வைத்துப் பழைய எண்ணெயை இறக்கச் செய்து, புது டின்னின் சீலைத் தானே உடைத்து, தன் கையாலேயே ஊற்றினார். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. பிறகு வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

டிக்கு டிக்கு டிக்கு.

"என்ன?" என்றார்.

"அதே சத்தம்தான்பா."

ஆறாம் நாள் குச்சியை உருவினார். கறுப்பு. வழக்குக் காகிதம் ஒன்றைக் கிழித்து அதைத் துடைத்துவிட்டு, மறுபடி விட்டு, மறுபடி உருவினார். மறுபடியும் கறுப்பு. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். அன்று மத்தியானம் அவர் சாப்பிட உட்காரவில்லை.

சவரிமுத்து பெரம்பலூரில் ஒரு பஸ் கம்பெனிக் கொட்டகையில் மெக்கானிக்காக இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார். கிளம்பும்போது அம்மா சொன்னாள்: "பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போங்க. தனியாப் போனா அங்கயும் விசாரணை ஆரம்பிச்சுடுவீங்க." அம்மா அதற்காகத்தான் என்னை அனுப்பினாளா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. கறை படிந்த அந்தப் பாவாடையைப் பிற்பாடு வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தவள் அவள்தான்.

பெரம்பலூர்க் கொட்டகையில் சவரிமுத்து ஒரு பஸ்ஸின் அடியிலிருந்து எழுந்து வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. "வாங்கய்யா" என்றார். என்னைப் பார்த்து, "பாப்பா வளந்துடுச்சு" என்றார்.

"நானே என் கையால ஊத்தினேன் சவரிமுத்து. சத்தம் போகல. ஆறு நாள்ல கறுத்துப் போச்சு."

"கறுக்குங்கய்யா. உள்ள ஒட்டியிருக்கிற பழைய கறுப்போட கலந்துடுதுல்ல."

"அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அப்பா யோசித்தார். பொய் சொல்லத் தெரியாதவர். "மாட்டேன்" என்றார். சற்றுப் பொறுத்து, பழக்கம் விடாமல், "நீ ஊத்துனதைப் பார்த்தவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார்.

"யாரும் இல்லீங்கய்யா."

சொல்லும்போது சவரிமுத்து கையிலிருந்த ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற பக்கம் அவர் பார்வை வரவே இல்லை. அப்படி அவர் பார்க்காமல் இருந்ததில்தான் எனக்குப் புரிந்தது, அவருக்கு அன்றைக்கே தெரியும் என்று. விறகுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். தன் பக்கம் ஒரே ஒரு சாட்சி இருப்பது தெரிந்தும் அவர் கூப்பிடவில்லை.

"நான் பார்த்தேன்பா" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "விறகுக்குப் பின்னால இருந்தேன். அவர் முழு டின்னையும் ஊத்தினார். கவிழ்த்து உதறினார்."

அப்பா என்னைப் பார்த்துவிட்டுச் சவரிமுத்துவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்கய்யா. பாவாடை நுனி தெரிஞ்சிச்சு."

"ஏன் சொல்லல?"

"சின்னப் புள்ளைங்கய்யா. நான் கைகாட்டியிருந்தா கூண்டுல நிறுத்துற மாதிரி நிறுத்தி வச்சுக் கேட்டிருப்பீங்க. அது அழுதிருக்கும். எனக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

வேறு வேலை கிடைப்பதற்கு அவருக்கு எட்டு மாதம் ஆனது என்பதை அந்தக் கொட்டகையில் இருந்த இன்னொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

"திரும்பி வர்றியா?" என்று அப்பா கேட்டார்.

"வேணாங்கய்யா. இங்க பழகிப்போச்சு." பிறகு, "வண்டிய இப்படிக் கொண்டாங்க" என்று சொல்லி, இஞ்சினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஒரு மெல்லிய தகட்டை உள்ளே விட்டு விட்டு எடுத்து, வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருகிச் சரிசெய்தார். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அப்பா வெயிலில் நின்றுகொண்டே இருந்தார். வண்டியைக் கிளப்பியபோது டிக்கு டிக்கு இல்லை.

அப்பா கையை நீட்டினார். அந்தக் காலத்தில் ஒரு வக்கீல் ஒரு மெக்கானிக்கிடம் கை நீட்டுவது சாதாரண விஷயம் இல்லை. "கையெல்லாம் அழுக்குங்கய்யா" என்று சவரிமுத்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு, கும்பிட்டார். அழுக்கினால்தான் கொடுக்கவில்லையா என்பது எனக்குத் தெரியாது.

திரும்பி வரும் வழியில் நான் கேள்விகளுக்காகக் காத்திருந்தேன். ஏன் போனாய், ஏன் மறைத்தாய், இரண்டு வருஷம் என்னோடு ஒரே வீட்டில் எப்படிச் சாப்பிட்டாய். பருத்திக் காடுகள் போயின, ஒரு கோவில் போனது, அரியலூர் வந்துவிட்டது. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. சத்தமில்லாத அந்த வண்டியில் உட்கார்ந்திருந்ததைப் போன்ற கஷ்டம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த வண்டி எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே விற்கப்பட்டுவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் யாரோ ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். கீழப்பழுவூர் ரோட்டில் இப்போது சிமெண்ட் லாரிகள் போகிற போக்கில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிச் சத்தம் கேட்க யாராலும் முடியாது. போன மாதம் பேத்தி தன் காருக்கு எண்ணெய் மாற்றிவந்து என்னை ஏற்றிக்கொண்டு போனாள். "பாருங்க பாட்டி, எவ்ளோ ஸ்மூத்தா போகுது" என்றாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததா, தெரிந்ததாக நினைத்துக்கொண்டாளா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன்.

பெரம்பலூரிலிருந்து வந்த பிறகு அப்பா இருபத்தைந்து வருஷம் உயிரோடு இருந்தார். மற்றவர்களிடம் விசாரணை கடைசி வரைக்கும் நடந்தது. டாக்டரைக் கூட விடவில்லை. என்னிடம் மட்டும் எதையும் துருவிக் கேட்டதில்லை. எங்கே போனாய் என்று கேட்டதில்லை, சொன்னதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் சொன்னதைத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். இனி இவள் உண்மையைத்தான் சொல்வாள் என்று விட்டுவிட்டாரா, இவளைக் கேட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டாரா? அவர் இருந்தபோது நான் கேட்டிருக்கலாம். அவர் மகள்தானே நான். ஆனால் அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.